பெங்களூர் மாஸ்டரின் நினைவு நாள்

புளி குடோனில் என்னோடு கராத்தே படித்துக் கால் தூக்கிய பதினேழு பேருக்கும் இதை எழுதுகிறேன். இன்றைக்கு நம்மில் பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. நடுவில் இவள் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று திட்டுவீர்கள். திட்டிக்கொண்டே படியுங்கள். நாற்பது வருஷமாக உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். என் வாயில் எதுவும் தங்காது என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இது தங்கியது.

இப்போது அது வெளியே வருவதற்குக் காரணம் என் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் கப்போய்ரா என்று ஒன்று கற்றுக்கொள்கிறாள். பிரேசில் நாட்டுச் சண்டைக் கலையாம். சண்டை என்றுதான் பெயர். சுற்றி நிற்பவர்கள் கைதட்டிப் பாடுகிறார்கள், நடுவில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் படாமல் உதைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் என்னையும் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். சுவரில் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. இவர் எங்கள் மாஸ்டர், இவர் அவருக்கு மாஸ்டர், அதற்கு மேலே இருப்பவர் இவருக்கு மாஸ்டர் என்று கூரை வரை கையைக் காட்டிக்கொண்டே போனாள். அவர்கள் பெயரையெல்லாம் பாட்டில் வைத்தே பாடுவார்களாம். யாரிடமிருந்து வந்தோம் என்று தெரியாமல் கால் தூக்கக் கூடாதாம். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கராத்தே மாஸ்டருக்கு யாரும்மா மாஸ்டர்?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில் பாட்டு நின்றுவிட்டது.

ஊருக்கு வந்ததும் மாஸ்டருக்கு போன் போட்டேன். எழுபதை நெருங்கிவிட்டார், காது மந்தம். எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று மூன்று தடவை கத்திக் கேட்டேன். "சொல்லிக்கம்மா. உங்கப்பாவும் போயிட்டாரு. இனிமே யாருக்குப் பயந்துக்கறது" என்றார். அதனால் சொல்கிறேன்.

நல்லம்பள்ளி சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தக் குடோனை மறந்திருக்க மாட்டீர்கள். புளி மண்டிக்காரர் சும்மா விட்டிருந்த இடம். மாசி, பங்குனியில் சித்தேரி மலைப் பக்கமிருந்து புளி வந்து இறங்கினால் மூட்டைகள் கூரை வரை ஏறிவிடும், நாம் நடுவில் ஒரு சந்தில் நின்று உதைப்போம். மற்ற மாதங்களில் இடம் இருக்கும், ஆனால் வாசம் போகாது. மாஸ்டர் அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்வார். புளி வாசத்துக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியிருக்கும், கத்தினால் முன்னால் நிற்பவள் பிடரி நனையும். எவ்வளவு பெருக்கினாலும் தரையில் புளியங்கொட்டை கிடக்கும். யாராவது வழுக்கி விழுந்தால் மாஸ்டர் அசரமாட்டார், இன்றைக்கு எப்படி விழுவது என்று பார்ப்போம் என்று அதையே பாடமாக்கிவிடுவார்.

உடுப்பும் அப்படித்தான். நம் தையல்காரர் கராத்தே உடுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. மாஸ்டர் படம் வரைந்து கொடுத்தும் மனசு கேட்காமல் பதினெட்டுச் சட்டைக்கும் மார்பில் பை வைத்து, பையில் பேனா குத்த ஒரு தையலும் போட்டுவிட்டார். எனக்கு மஞ்சள் பெல்ட் கிடைத்தபோது அம்மா என் வெள்ளை பெல்ட்டையே மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தாள். வேர்வை பட்டதும் சாயம் சட்டையில் இறங்கி, இடுப்பில் மருந்து வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. அந்த பெல்ட் இப்போது இல்லை. கடைசியாக எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி கழுத்தில் பார்த்த ஞாபகம்.

மாஸ்டருக்கு அப்போது இருபத்தேழு வயசு இருக்கும். பகலில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார், கை எப்போதும் வார்னிஷ் வாசம் அடிக்கும். பெங்களூரில் மோட்டார் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்தபோது அங்கே கராத்தே கற்றதாகச் சொல்வார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, என் அப்பாவைத் தவிர.

அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க். ஆதாரம் இல்லாமல் அடுப்படிக்குக்கூடப் போகமாட்டார். பெண் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் மாஸ்டரை வீட்டுக்கு வரவழைத்து, சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரித்தார். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறினார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். கெட்டி மீசை வைத்த ஒருவர், கால்களை அகட்டி, முஷ்டியை இடுப்பில் வைத்து நின்றார். இவர்தான் என் மாஸ்டர், இவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானுக்கே போய் வந்தவர் என்றார். அப்பாவுக்குத் திருப்தி. அப்படியென்றால் இவருக்கு ஒரு லெட்டர் போட்டு உங்களைப் பற்றி விசாரித்துக்கொள்கிறேன், விலாசம் கொடுங்கள் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாஸ்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவுரு தவறிட்டாருங்க" என்றார்.

அப்பாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. உயிரோடு இருப்பவர்களை அப்பா எளிதில் நம்பியதில்லை, செத்தவர்களைச் சந்தேகப்பட்டதே இல்லை. எப்போது என்று கேட்டார். போன மாசி மாதம். என்ன நாள் என்று கேட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, அமாவாசை கழிந்து மூணாம் நாள் என்றார். எப்படி என்று கேட்டார். நெஞ்சு வலி, தூக்கத்திலேயே. வாத்தியார் போன துக்கம் உங்கள் முகத்திலேயே தெரிகிறது என்று அப்பா சொல்லி, அடுத்த வாரமே என்னைச் சேர்த்துவிட்டார்.

சேர்த்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பா எதையும் பாதியில் விடமாட்டாரே. அந்த போட்டோவை வாங்கிப்போய்ப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சந்தன மாலை சாத்தி, குங்குமம் வைத்து, மேலே ஒரு சிவப்பு பல்பும் மாட்டிக் குடோன் சுவரில் தொங்கவிட்டார். தினமும் அதற்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டுத்தான் நாம் ஆரம்பிப்போம். வணங்கும்போதெல்லாம் மாஸ்டர் மட்டும் போட்டோவைப் பார்க்கமாட்டார். தாங்க முடியாத துக்கம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

இனி நம் முதல் கட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டா என்றால் எதிரி இல்லாமலே வரிசையாகப் போடும் அடிகள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மூன்றாவது அடியில் வலது காலை முன்னால் வைப்பதற்கு முன், ஒரு நொடி நிறுத்தி, முட்டியை லேசாக வெளிப்பக்கம் ஒடித்து வைப்போமே, அது. எவ்வளவு கஷ்டப்பட்டோம் அதற்கு. அந்த ஒடிப்பு வரவில்லை என்று மாஸ்டர் என்னை ஒரு மாதம் முன்வரிசைக்கே விடவில்லை. படத்தில் இருக்கும் பெரிய மாஸ்டர் இதைச் செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார்.

மாசி நெருங்கியது. முதலாம் ஆண்டு நினைவு நாளைச் சும்மா விடக்கூடாது என்று அப்பா கிளம்பினார். மாஸ்டர் எவ்வளவோ வேண்டாம் என்று பார்த்தார். மறுக்க மறுக்க, இவ்வளவு அடக்கமான ஆள் என்று அப்பாவுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. தர்மபுரிக்குப் போய் நோட்டீஸ் அடித்து வந்தார். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் மீசையோடு பெரிய மாஸ்டர், கீழே நாள், இடம். ஊர்ச் சுவர், பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஒட்டியும் மீதி இருந்தது. வீணாக்க மனசில்லாமல் மண்டியில் நின்ற லாரிகளின் பின்பக்கம் ஒட்டிவிட்டார். அந்த லாரிகள் புளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. செத்தவர் சொந்தக்காரர் யாராவது பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார்.

பார்த்தார்.

அன்று காலை என்னை வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் பந்திப் பாய் விரித்து, படத்துக்கு முன்னால் படையல் இலை போட்டிருந்தது. பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் தனியாக நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, தலை நரைத்திருந்தது, மீசை இல்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. கொஞ்சம் கிட்டே வந்ததும்தான் அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் வலது கால் ஒரு நொடி நின்று, முட்டி வெளிப்பக்கம் ஒடிந்து, பிறகு முன்னால் வந்தது.

ஒரு மாதம் அதற்காக அழுதவள் நான். எனக்குத் தெரியாமல் போகுமா?

தெளிப்பதற்குப் பதில் சொம்பில் இருந்த பன்னீர் முழுவதையும் அவர்மேல் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கே யாரோ செத்துப்போய்விட்டாராமே என்று கேட்டார். ஆமாங்க, எங்கள் பெரிய மாஸ்டர் என்றேன். எப்படிச் செத்தார் என்றார். நெஞ்சு வலிங்க. ரொம்பக் கஷ்டப்பட்டாரா? இல்லீங்க, தூக்கத்திலேயே. "பரவால்ல, நல்ல சாவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் சட்டைப் பையில் நம் நோட்டீஸ் மடித்து இருந்தது, மீசை மட்டும் வெளியே தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் நான் மாஸ்டருக்காகப் பயப்படவில்லை, எனக்காகத்தான் பயந்தேன். இவர் வாயைத் திறந்தால் மாஸ்டர் பொய்யர் என்று ஆகிவிடும். அப்பா அன்றைக்கே வகுப்பை இழுத்து மூடுவார். என்னைத் தட்டச்சோ தையலோ எங்காவது அனுப்பிவிடுவார். அந்தக் குடோனை விட்டால் சத்தம் போட்டுக் கத்துவதற்குப் பெண் பிள்ளைக்கு வேறு இடம் எது? ஓடிப்போய் மாஸ்டர் காதில் சொன்னேன். கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். தட்டை நான் வாங்கிக் கீழே வைத்தேன். அவர் புளி மூட்டையில் சாய்ந்துகொண்டார்.

அதற்குள் அப்பா வந்தவரைப் பிடித்துவிட்டார். வாங்க வாங்க என்று முன்வரிசையில் உட்காரவைத்து, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் தன் படத்தை, மாலையை, பல்பைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அப்பாவே முடிவு செய்து, முதலில் பிள்ளைகள் செய்து காட்டட்டும் என்று நம்மைக் கூப்பிட்டார்.

நீங்களெல்லாம் அன்று எவ்வளவு சுத்தமாகச் செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில், பேனா குத்தும் பை வைத்த பதினெட்டுப் பேரும், ஒரு நொடி நிறுத்தி, வலது முட்டியை வெளிப்பக்கம் ஒடித்தோம். வந்தவர் சட்டென்று துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் முன்வரிசையில் அவருக்குக் கிட்டே நின்றேன், முதலில் வந்தது சிரிப்புதான்.

முடிந்ததும் அப்பா விடாமல் மறுபடி கேட்டார், அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று.

"தம்பி" என்றார்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடப் பிறந்தவரே வந்துவிட்டாரே, அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அவர் எழுந்து நோட்டீஸை விரித்தார். அவர் பேசியது உங்களுக்கும் கேட்டிருக்கும், ஆனால் யார் பேசுகிறார் என்று தெரியாமல் கேட்டிருப்பீர்கள். இப்போது தெரிந்து கேளுங்கள்.

"எங்கண்ணனுக்குக் கோவம் ஜாஸ்தி. நல்லா வந்துக்கிட்டிருந்த பையன் ஒருத்தன், இவுரைக் கேக்காம தெருப் பசங்களுக்கு நாலு அடி சொல்லிக் குடுத்துட்டான். அதுக்காக, பிளாக் பெல்ட் வாங்க ஒரு வாரம் இருக்கறப்ப, எல்லாரு முன்னாலயும் அவனைக் கை நீட்டி அடிச்சு, வெளிய போடான்னுட்டாரு. அது மாசி மாசம், அமாவாசை கழிஞ்சு மூணாம் நாளு. அன்னைக்கே அவுரு செத்துட்டதா இதுல போட்டிருக்கீங்க. சரியாத்தான் போட்டிருக்கீங்க. அப்பவே அவனைக் கூப்பிட்டுக்கணும்னு நெனச்சாரு. ரோஷம், வுடல."

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, அந்தப் பையன் எவனோ, எங்கே இருக்கிறானோ என்று வருத்தப்பட்டார்.

பிறகு பந்தி. பெரிய மாஸ்டருக்கு என்ன பிடிக்கும் என்று அப்பா கேட்டபோது, மாஸ்டர் யோசிக்காமல் தனக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தார். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். அம்மா கரண்டி நிறையக் குழம்போடு வந்தாள். வந்தவர் இலையை இரண்டு கையாலும் மறைத்து, "பேடா, பேடாம்மா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிப் பதறினார். கோழி தொடாத ஆள். உங்கள் அண்ணனுக்கு இது உயிராமே என்று அம்மாவுக்கு மனக்குறை. "அண்ணன் சாப்புடுவாரு" என்று அவர் மாஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் நினைவு நாளுக்கு வெறும் களியும் மோரும் சாப்பிட்டார்.

நான் சொம்பில் மோர் கொண்டுபோனபோது மாஸ்டரும் பெரிய மாஸ்டரும் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். மாஸ்டர் தன் கறுப்பு பெல்ட்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்திருந்தார். ஊருக்கு வரும் வழியில் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டது அது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பெரியவர் அவரைக் கட்டா முழுவதும் செய்யச் சொன்னார். மூட்டை இடிக்கிற அந்தச் சந்திலேயே செய்தார். முடித்ததும் பெரியவர் குனிந்து, அந்த பெல்ட்டைத் தன் கையால் அவர் இடுப்பில் கட்டி, முடிச்சை இழுத்துச் சரி பார்த்தார். அதுதான் நம் மாஸ்டர் வாங்கிய பிளாக் பெல்ட்.

என்னைப் பார்த்ததும் பெரியவர், உனக்கு எப்படித் தெரிந்தது என்றார். நீங்கள் நடந்து வந்தீர்களே என்றேன். "அது அடி இல்லம்மா. கீழ வுழுந்து உடைஞ்ச முட்டி" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு மாதம் அழுதிருக்கிறேன், உடைந்த முட்டிக்காகவா? அப்படியென்றால் இனி மாற்றிச் செய்யணுமா என்று கேட்டேன். வேண்டாம், அழகாக இருக்கிறது என்றார். உங்களில் யாராவது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாவைச் சொல்லிக்கொடுத்திருந்தால், நீங்களும் மாற்ற வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசிக்கும் அவர் வந்தார். தன் நினைவு நாளுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். இரண்டாம் வருஷம் படையலில் கோழி போய், மொச்சைக் குழம்பு வந்துவிட்டது. ஏன் என்று அப்பா கேட்டதற்கு, பெரிய மாஸ்டர் கனவில் வந்து சொன்னார் என்று மாஸ்டர் சொன்னார். அப்பாவும் பெங்களூர்த் தம்பியும் ரொம்ப ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் குடும்பத்தில் நெஞ்சு வலி இருக்கிறது, நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கணும் என்று அப்பா கடுதாசியில் எழுதுவார். அவரும் அப்படியே இருக்கிறேன் என்று பதில் போடுவார்.

ஏழாவது வருஷம் உங்களில் பலர் வேலைக்கும் கல்யாணமாகியும் வெளியூர் போய்விட்டீர்கள். நான் தர்மபுரியில் காலேஜில் சேர்ந்திருந்தேன், அன்று லீவு போட்டு வந்தேன். மாஸ்டர் ரொம்ப நேரம் வரவில்லை. அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கையில் கசங்கியிருந்த ஒரு கடுதாசியைக் கொடுத்தார். பெரியவரின் மகன் எழுதியது. தன் அப்பா தவறிப்போய் ஐந்து நாள் ஆகிறது என்று இருந்தது.

அந்தத் துக்கத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நம் ஊரில் அந்த மனுஷன் செத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. மாஸ்டர் போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கும் அழுகை வந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"வருசம் ஏழாச்சு. இன்னும் நேத்துப் போன மாதிரி அழுவுறாரு பாருங்க" என்று அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இலை போடலாமா என்று உள்ளே இருந்து அம்மா கேட்டாள்.

"பெங்களூர்த் தம்பி இல்லாம ஆரம்பிச்சா அவுரு மனசு சங்கடப்படும். இன்னும் ஒரு பஸ் பாத்துரலாம்" என்றார் அப்பா.

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். "பாக்கலாங்க" என்றார். நானும் போய் நின்றேன். மூன்று பேரும் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றோம்.